கைமாறும் பொருளும் நிலைமாறா நாணயமும்

பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் ஒருவர் மனமார விரும்பி மேற்கொண்ட பொழுதுபோக்கு அவருடைய பொழுதை மட்டும் கொள்வதில்லை. வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளையும், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியையும், சில வேளைகளில் இல்லத்தாரின் பொறுமையையும் சேர்த்தே கொள்கிறது. தபால்தலை சேர்ப்போர், நிழற்படம் எடுப்போர், சிறு ரயில் வண்டிகளை ஓட்டி மகிழ்வோர், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டுவோர் ஆகிய எல்லோருக்கும் இது பொது. அவ்வாறு சேர்ந்த பொருள்கள் என்றேனும் ஒரு நாள் கைமாற வேண்டிய நிலை வருகிறது. புதியதொன்று வாங்குவதற்காகப் பழையதை விற்கிறோம். ஊர் மாற்றலாகும்போது விற்கிறோம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறோம். சேர்த்தவர் மறைந்த பின்னர் அவருடைய மனைவி மக்கள் விற்கிறார்கள். அந்நிலையில் விற்பவருக்கே தம் கையிலிருப்பது இன்னதென்று தெரிவதில்லை.

இத்தகைய பொருளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டால் எவரும் வாங்கிக்கொள்வர். ஆனால் நூறாண்டுக்கு முந்திய ஒரு தபால்தலையின் அருமையை அறிந்தவர் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் நம்மோடு ஒரே சங்கத்தில் அங்கத்தினராக இருப்பவர்கள். ஆகவே நம் பொருளை வாங்க வருபவர் வழிப்போக்கர் அல்லர், நம் தோழர். தோழமையும் வாணிபமும் இவ்வாறு ஒரே பாயில் அமரும்போது இரண்டில் ஒன்று கெட்டுப்போவது எளிது. அங்கே விதிகள் ஏன் வேண்டும், எத்தகைய விதிகள் வேண்டும், அவற்றை நடத்தும் நடுவர் எவ்வாறு ஒழுக வேண்டும், அந்தச் சங்கத்தை ஒரு கம்பெனியே நடத்துமாயின் என்ன சிக்கல் நேரும் என்பவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

முதலில் விதிகள் இல்லாத சந்தையைப் பார்ப்போம். தில்லியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் தரியாகஞ்சுப் பழைய புத்தகச் சந்தை பலரும் அறிந்தது. நெடுங்காலம் நடைபாதையில் இருந்த அச்சந்தை 2019-ஆம் ஆண்டில் அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை பழம்பொருள் விரும்பிகளுக்கு ஒரு கருவூலமாக விளங்கியது. இத்தகைய இடங்களில் வாங்குபவர் குனிந்து புத்தகத்தை எடுக்கிறார், பக்கங்களைப் புரட்டுகிறார், அட்டையைத் தட்டிப் பார்க்கிறார், விலை பேசுகிறார். கண்ணும் கையுமே அவருக்குக் காவல். புத்தகத்தின் நடுவே எட்டுப் பக்கங்கள் இல்லை என்பதை வீட்டில் வந்து கண்டால், அது அவருடைய தவறே என்று அவரும் ஒப்புக்கொள்கிறார்.

அரசாங்க ஏலங்களிலும் ஏறத்தாழ இதே நிலைதான். பழைய மேசை நாற்காலிகளையும் ஓடாத மோட்டார் வண்டிகளையும் ஏலம் விடும் அறிவிப்புகளைத் தமிழாக்கும்போது, 'உள்ள இடத்தில், உள்ள நிலையில்' என்று நாம் எழுதுகிறோம். அந்த நான்கு சொற்களின் பொருள் இதுதான்: வந்து பார்த்துக்கொள்க, பின்னர் எம்மிடம் முறையிட வேண்டா.

சட்டமும் பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவில், விற்கப்படும் பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே உத்தரவாதம் அளித்ததாகக் கொள்ளலாகாது என்னும் பொது விதியைக் கூறிப் பின்னர் சில விலக்குகளைத் தருகிறது. வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்னும் பழைய நெறி இது. ஆயினும் இரண்டு காப்புகளை அச்சட்டம் உறுதியாக வைத்திருக்கிறது. பொருளை விற்கும் உரிமை விற்பவருக்கு இருத்தல் வேண்டும் என்பது 14-ஆம் பிரிவு. வருணித்து விற்றால் பொருள் அந்த வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. அதாவது, சொன்ன சொல்லுக்கு விற்பவர் பொறுப்பாளி. சொல்லாமல் விட்டதற்கு?

இக்கேள்விக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சுவையானதொரு விடை தருகிறது. அதன் 17-ஆம் பிரிவு வஞ்சனையைப் பற்றியது. அங்கே ஒரு குதிரையை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் தம் குதிரைக்குக் குறையுண்டு என்று அறிந்தும் ஏலத்தில் வாய் திறவாமல் விற்கிறார். அது வஞ்சனை ஆகாது. ஆனால் அதே குதிரையை வாங்குவது, அண்மையில் வயது வந்த அவருடைய சொந்த மகளாக இருந்தால் நிலைமை வேறு. உறவின் காரணமாகவே குறையைச் சொல்லும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. இனி, வாங்குபவர் அயலாரே ஆயினும், 'நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன்' என்று சொல்லி, விற்பவரும் மௌனமாக இருந்துவிட்டால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இம்மூன்று உதாரணங்களையும் ஊன்றி நோக்கினால் நம் பொருளின் உயிர்நிலை விளங்கிவிடும். குதிரை ஒன்றே, குறையும் ஒன்றே, மாறியது உறவு மட்டுமே. அயலாரிடம் மௌனம் காக்கச் சட்டம் இடம் தருகிறது. மகளிடம் மௌனம் காக்க இடம் தரவில்லை. ஒரு பொழுதுபோக்குச் சங்கம் தன் அங்கத்தினருக்கு வகுக்கும் விற்பனை விதிகளின் உட்கருத்து யாதெனில், முகமறியாத அயலாரையும் அந்த மகளின் நிலையில் கொண்டுவந்து வைப்பதே. 'குறையை நீயே முன்வந்து சொல்' என்பதே எல்லா விதிகளுக்கும் தாய். மற்றவை அதன் கிளைகள்.

இவ்வாறு செய்வதனால் வாங்குபவருக்கு நன்மை என்பது வெளிப்படை. விற்பவருக்கு இது பாரம் என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்கொண்டு இதனை விளக்கினார். அந்நாட்டில் குறையுள்ள காரை 'எலுமிச்சை' என்று சொல்வது வழக்கு. கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம் பெற்றது. அவருடைய கருத்தை நம் துறைக்கு ஏற்ப ஓர் எளிய கணக்கால் காண்போம்.

ஒரு சங்கத்தில் பத்துப் பழைய காமிராக்கள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஐந்து நல்லவை. ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் பெறும். ஐந்து, கண்ணாடியில் பூஞ்சை படர்ந்தவை. ஒவ்வொன்றும் 4,000 ரூபாய்தான் பெறும். எது எத்தகையது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்வார்? நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் இடையில் 7,000 ரூபாய்க்குக் கேட்பார். கெட்டதை வைத்திருப்பவர் மகிழ்ந்து கொடுப்பார். நல்லதை வைத்திருப்பவரோ, 'பத்தாயிரம் பெறும் பொருளை ஏழாயிரத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். நாளடைவில் விலைக்கு வருவனவெல்லாம் கெட்டவையாகவே இருக்கும். அதை அறிந்த வாங்குவோர் நாலாயிரத்துக்கு மேல் கேட்கமாட்டார்கள். இவ்வாறாக விதியில்லாத சந்தையிலிருந்து முதலில் வெளியேறுபவர் நாணயமுள்ள விற்பனையாளரே. வஞ்சகர் ஒருவருடைய இலாபம் யோக்கியர் பலருடைய நஷ்டமாக முடிகிறது. இந்த ஆராய்ச்சிக்காகவும் இதனைச் சார்ந்த பணிகளுக்காகவும் 2001-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு ஏகர்லாஃபுக்கும் வேறு இரு அறிஞர்களுக்கும் வழங்கப்பட்டது.

நிற்க. ஏட்டில் கண்ட இத்தத்துவம் நடைமுறையில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்குத் தபால்தலைச் சங்கங்களைக் காட்டலாம். சிந்து மாகாணத்தில் 1852-இல் வெளியான 'சிந்து டாக்' என்னும் தலையும், 1854-இல் கல்கத்தாவில் அச்சிடப்பட்டு நாடெங்கும் வழங்கிய தலைகளும் சேகரிப்போர் நாடுபவை. 1897-லேயே இந்தியத் தபால்தலைச் சங்கம் தோன்றிவிட்டது. மேல்நாடுகளிலும் நம் நாட்டிலும் இத்தகைய சங்கங்கள் கைக்கொண்ட ஒரு முறை சுற்றுக் கட்டு முறை. அதனைச் சற்று விரிவாகவே சொல்வோம்.

விற்க விரும்பும் அங்கத்தினர் சிறு ஏடு ஒன்றில் தம் தலைகளை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலையையும் குறையையும் எழுதிச் செயலாளருக்கு அனுப்புகிறார். செயலாளர் பலருடைய ஏடுகளைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி, பெயர்ப் பட்டியலில் முதலில் உள்ளவருக்கு அனுப்பி வைக்கிறார். அவர் குறித்த சில நாட்களுக்குள் பார்த்து, வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எடுத்த இடம் வெறுமையாக இருக்கலாகாது; அங்கே தம் கையொப்பத்தையோ முத்திரையையோ இட வேண்டும். கட்டு ஊர்களைச் சுற்றித் திரும்பி வந்ததும் செயலாளர் கணக்குப் பார்த்துச் சங்கத்துக்குரிய சிறு பங்கைக் கழித்துக்கொண்டு விற்றவருக்குப் பணம் அனுப்புகிறார்.

இங்கே ஒருவரையொருவர் பார்த்ததில்லை. விலையுயர்ந்த தலைகள் காவலின்றி வீடு வீடாகச் செல்கின்றன. அப்படியிருந்தும் முறை நிலைத்து நின்றதற்குக் காரணம் சிறியதொரு விதி. கட்டைப் பெறுபவர் முதல் வேலையாக ஏடுகளைப் புரட்டி, கையொப்பமில்லாத வெற்றிடம் எங்கேனும் உண்டா, நல்ல தலையை எடுத்துவிட்டு மட்டமானதை யாரேனும் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து உடனே செயலாளருக்கு எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தக் குறைக்கு அவரே பொறுப்பாளி. இதனால் ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவருக்குச் சாட்சியாகிறார். தமக்குப் பிந்தியவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறார். காவலர் ஒருவரை நியமிக்காமலே எல்லோரையும் காவலராக்கிய விதி அது.

தபால்தலையின் குறைகள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஏட்டிலிருந்து முரட்டுத்தனமாகப் பிரித்தபோது பின்புறத்துத் தாள் ஒரு மயிரிழை உரிந்திருக்கும். முன்புறம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் மெலிந்த இடம் தோன்றும். பசை போன தலைக்குப் புதிதாகப் பசை தடவியிருப்பார்கள். ஓரத்துத் துளைப் பற்களில் ஒன்று குறைந்திருக்கும். கிழிசலை ஒட்டிச் சீர்செய்திருப்பார்கள். இவற்றில் எதுவும் தன்னளவில் குற்றமாகாது. பழைய பொருளுக்கு வடு இருப்பது இயல்பு. சொல்லாமல் விடுவதே குற்றம்.

இதை நாம் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டறிந்து சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு சுற்றுக் கட்டில் நம் ஏட்டைச் சேர்த்திருந்தோம். அதில் ஒரு தலை பின்புறம் மெலிந்தது. மெலிந்த இடத்தின் மேலேயே ஒட்டுத்தாள் அமைந்துவிட்டது. அது தானாக அமைந்தது என்று அன்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். விலையை முழுமையாக எழுதினோம். பத்து நாள் கழித்து ஏடு திரும்பி வந்தது. அந்தத் தலையின் அருகில் செயலாளர் பென்சிலால், 'பின்புறத்தைத் தாங்கள் பார்க்கத் தவறியிருக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தார். கடிந்து ஒரு சொல் இல்லை. குற்றத்தைத் தவறு என்று பெயரிட்டு நமக்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தார். விலையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து, குறையை எழுதி அனுப்பினோம். அந்தத் தலை விற்றும்போயிற்று. வாங்கியவர் பின்னர் நம்மிடமே வேறு பல தலைகளைக் கேட்டு வாங்கினார். 'குறையை எழுதுபவர் நீங்கள்' என்பதே அவர் கூறிய காரணம். நாம் தலைகுனிந்தோம்.

இனி, பயன்படுத்திய பொருள்களை அங்கத்தினர் தமக்குள் விற்றுக்கொள்ளும் சங்கங்கள் பொதுவாக வகுத்துக்கொள்ளும் விதிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். அறிவிப்பு சங்கத்தின் பலகையில் ஒட்டப்பட்டாலும், மாத இதழில் அச்சானாலும், இன்று வழங்குவதுபோல் கைப்பேசியில் வந்தாலும் விதிகளின் சாரம் ஒன்றே.

சேர்ந்தவுடன் விற்கலாகாது, சில காலம் அங்கத்தினராய்ப் பழகிய பின்னரே விற்கலாம் என்பது ஒரு விதி. புதியவரை அவமதிப்பதற்காக ஏற்பட்டதன்று இது. விற்பதற்கென்றே வந்து, விற்றதும் மறைபவரைத் தடுக்கும் வேலி அது. பெயர் கெடுமே என்னும் அச்சம், கெடுவதற்குப் பெயர் ஒன்று உண்டான பின்னர்தானே வரும்?

விலையை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'தக்க விலைக்குத் தரப்படும்' என்று எழுதினால், கேட்பவரின் ஆவலை அளந்து ஆளுக்கொரு விலை சொல்ல வழியுண்டாகும். ஒருவரோடொருவரைப் போட்டியிடச் செய்து விலையேற்றுவதையும் பல சங்கங்கள் தடுக்கின்றன. ஏலத்துக்குச் சந்தை உண்டு. தோழர் கூடும் இடம் அதற்குரியதன்று.

படம் வைத்தால் விற்கும் பொருளின் படமாகவே இருத்தல் வேண்டும். கடைப் பட்டியலிலிருந்து எடுத்த படம் ஆகாது. சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்லும் வருணனை இதுவே. படம் என்பது சொல்லாமல் சொன்ன சொல்.

வியாபாரிகள் அங்கத்தினர் போல வேடமிட்டு விற்றல் கூடாது. வியாபாரம் இழிவு என்பதன்று கருத்து. தம் பொருளைப் பிரிய மனமின்றி விற்பவரிடமும் மொத்தமாக வாங்கிச் சில்லறையாய் விற்பவரிடமும் நாம் கேட்கும் கேள்விகள் வெவ்வேறு. யாரிடம் வாங்குகிறோம் என்பதே மறைக்கப்பட்டால் மற்ற எதைக் கேட்டும் பயனில்லை.

ஒருவருடைய விற்பனை அறிவிப்பில் மூன்றாமவர் புகுந்து, 'இவ்விலை அதிகம்' என்று சொல்லலாகாது என்பதும் பல இடங்களில் உள்ள விதி. இது சற்றே வியப்பாகத் தோன்றலாம். உண்மை பேசுவதை ஏன் தடுக்க வேண்டும்? விலை அதிகமாயின் வாங்காமல் இருந்துவிடலாம், எவருக்கும் கேடில்லை. ஆனால் பொருள் போலி, அல்லது திருட்டு என்ற ஐயம் இருப்பின் அது வேறு செய்தி. அதனை நடுவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும், பொதுவில் கூச்சலிடலாகாது. விலை என்பது விருப்பம். குறை என்பது உண்மை. முன்னதில் வாளாவிருத்தலும் பின்னதில் வாய்திறத்தலும் முறை.

விற்றுப்போனால் 'விற்றாயிற்று' என்று குறித்துவிட வேண்டும். முன்பணம் பெற்றபின் அதிக விலை தருபவருக்கு மாற்றிக் கொடுத்தல் கூடாது. இவையெல்லாம் விளக்கம் வேண்டாதவை. வாக்கு மாறாமையின் வேறு வேறு வடிவங்கள்.

இதுவரை அங்கத்தினர் தாமே நடத்தும் சங்கத்தைப் பற்றிச் சொன்னோம். சங்கத்தை ஒரு கம்பெனி நடத்தினால்? இதற்கும் சிறந்த முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டி விளையாடும் ஒரு கருவித் தொகுதிக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அது 'மெக்கானோ' என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. அக்கம்பெனி 1916-இல் ஒரு பத்திரிகையையும், 1919-இல் மெக்கானோ கில்டு என்னும் சிறுவர் சங்கத்தையும் தொடங்கியது. கில்டின் குறிக்கோள்களில் வாய்மையை வளர்த்தலும் ஒன்று. பத்திரிகையில் வாசகர் தம் பழைய பொருள்களை விற்கவும், வேண்டுவதைக் கேட்கவும் சிறு விளம்பரப் பகுதி ஒன்று இருந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். புதிய பொருளை விற்றுப் பிழைக்கும் கம்பெனி, பழைய பொருளின் விற்பனைக்கு இடம் கொடுப்பது ஏன்? பழையது விற்கும்போதெல்லாம் புதியது ஒன்று விற்காமல் போகிறதல்லவா? மேலோட்டமான கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் மெக்கானோவின் துளைகள் எல்லாம் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. இருபது ஆண்டுக்கு முந்திய தகடும் நேற்று வாங்கிய தகடும் பொருந்தும். பழைய பெட்டி ஒன்றை மலிவாக வாங்கிய சிறுவன், குறைந்த தகடுகளைக் கடையில் புதிதாகக் கேட்பான். பெட்டியை விற்ற சிறுவனோ அதைவிடப் பெரிய பெட்டி வாங்குவான். மறு விற்பனைக்கு மதிப்புள்ள பொருளைத்தான் மக்கள் அஞ்சாமல் வாங்குவர்.

மறைக்கத்தக்க குறைகளும் அங்கே இருந்தன. மெக்கானோத் தகடுகள் 1926-இல் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பெற்றன; 1934-இல் நீலமும் பொன்னிறமும் வந்தன. எனவே வண்ணத்தைக் கொண்டு காலத்தை அறியலாம். மறுவண்ணம் பூசி அதை மறைக்கவும் செய்யலாம். அதனினும் கொடியது ஒன்று உண்டு. 1930-களில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த சிறு கார்களிலும் ரயில் சக்கரங்களிலும் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் உலோகமே உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். ஈரமும் வெப்பமும் அதனை விரைவுபடுத்தும். இதற்கு மருந்தில்லை. முதல் மயிரிழை வெடிப்பைக் கண்ட உடைமையாளர் அவசரமாக விற்றுவிட எண்ணுவார். அந்த வெடிப்பைச் சொல்வதா, விடுவதா? மீண்டும் குதிரையின் கதைதான்.

கம்பெனி நடத்தும் சங்கத்தில் நடுவர் கம்பெனியின் ஊழியர். அவர் இரு எசமானர்களுக்குத் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே விதிகள் இரு வகையாகப் பிரித்து எழுதப்பட வேண்டும். போட்டிக் கம்பெனியின் சரக்கை இங்கே விளம்பரம் செய்யலாகாது, விற்பனையில் தகராறு வந்தால் கம்பெனி பணம் திருப்பித் தராது என்பன போன்றவை வீட்டுக்காரர் தம் வீட்டைக் காப்பதற்காக இட்ட விதிகள். அவற்றை இட அவருக்கு உரிமை உண்டு. குறை சொல்லல், விலை குறித்தல், வாக்குத் தவறாமை முதலியன அங்கத்தினர் எல்லோருக்கும் பொதுவான அறம். முதல் வகையை இரண்டாம் வகையின் உடையில் உலவ விடுவதுதான் தீங்கு. 'எங்கள் புதிய சரக்கில் குறையுண்டு என்று எழுதாதே' என்னும் ஆணையை 'நாகரிகமாகப் பேசு' என்னும் விதியின்கீழ் நுழைத்துவிட்டால், மறுநாள் முதல் எந்த விதிக்கும் மதிப்பிராது. பழைய பொருளின் குறையை மறைப்பவரைத் தண்டிக்கும் நடுவர், புதிய பொருளின் குறையை மறைக்கச் சொல்லலாமா?

வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய கருத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிகர்க்கு வாணிகம் என்பது அவர் கருத்து. விற்பவரின் அறமும் நடுவரின் அறமும் ஒரே அதிகாரத்தில் அமைந்திருப்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது.

நடுவரின் முறை எவ்வாறிருத்தல் வேண்டும்? அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை, பாசனக் கால்வாய் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாமே எவ்வாறு காத்துவந்தனர் என்பதை நாடு நாடாக ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. நீண்ட நாள் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் சில வருமாறு: விதிக்கு உட்படுபவர்க்கு விதியை மாற்றுவதிலும் பங்கு உண்டு, கண்காணிப்பவர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், தண்டனை சிறியதிலிருந்து படிப்படியாக ஏறும், தகராறுகளைச் செலவின்றி விரைவில் தீர்க்க ஓரிடம் உண்டு.

நாணயமும் ஒரு பொதுச் சொத்துத்தான். பலர் சேர்ந்து பல ஆண்டுகளில் நிரப்பிய ஏரி அது. ஒருவர் கரையை வெட்டினால் வற்றிவிடும். ஆகையால் அம்மையார் கண்ட முறைகள் நமக்கும் பொருந்தும். முதல் தவற்றுக்கு எடுத்துரை, இரண்டாவதற்கு எச்சரிக்கை, மூன்றாவதற்குச் சில மாதம் விற்பனை உரிமை நிறுத்தம், திருந்தாதவருக்கே விலக்கம். தெரிந்தே போலியை விற்றவருக்கு இந்த ஏணி வேண்டியதில்லை. தீர்ப்புக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். வேறொருவரிடம் மேல்முறையீடு இருத்தல் வேண்டும். நமக்குப் பென்சிலால் எழுதிய அந்தச் செயலாளர் இந்நூலைப் படித்தவரல்லர். ஆனால் அதன் சாரத்தை அறிந்திருந்தார்.

விதிகளால் ஆகாத காரியமும் உண்டு என்பதை மறத்தலாகாது. இன்று முகமறியாதவரோடு கைப்பேசி வாயிலாகப் பணம் கொடுத்து வாங்குகிறோம். வாங்குபவர் போல நடித்து, 'பணம் அனுப்புகிறேன், உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள்' என்று கேட்டு, விற்பவரின் கணக்கையே காலி செய்யும் வஞ்சகர் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலுள்ள முதியோருக்கும் சொல்லி வைப்பது நலம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வாளாவிராமல் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே முறையிட வேண்டும். காலதாமதம் வஞ்சகருக்கே துணை.

மெக்கானோக் கம்பெனியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் பழைய தகடுகளைச் சேர்ப்போரும் கட்டுவோரும் இன்றும் பல நாடுகளில் கூடி மகிழ்கின்றனர்; ஒருவருக்கொருவர் விற்கின்றனர், வாங்குகின்றனர். கம்பெனி தன் சரக்கை விற்பதற்காகத் தொடங்கிய தோழமை, அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னும் வாழ்கிறது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஒரு பழைய தகடு போகும்போது, அதனுடன் குறையைக் கூறும் ஒரு சிறு சீட்டும் போகிறதா என்பதைப் பொறுத்தே அத்தோழமையின் ஆயுள் அமைகிறது.

ஆகவே, அடுத்த முறை நம் அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் துடைத்து விற்பனைக்கு வைக்கும்போது, வாங்க வருபவர் யார் என்று நாம் அறியாவிட்டாலும் அவரை அச்சட்டம் கூறும் மகளாக எண்ணிக்கொள்வோம். பொருளைத் திருப்பிப் பின்புறத்தையும் ஒரு முறை பார்ப்போம். கண்டதை எழுதுவோம். விலை சற்றுக் குறையலாம். வாங்கியவர் மறுபடியும் நம்மிடம் வருவார்.